கோடு போடாத கட்டை

போன மாதம், என்னிடம் மர அச்சு பழகிய நீங்கள் ஆறு பேரும் கீரனூரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் அலமாரியிலிருந்து அந்தச் சங்குக் கட்டையை எடுத்தார். "டீச்சர், இதுல மட்டும் கோடு விட்டுப்போச்சு போல. நான் இழுத்துரட்டுமா?" என்று உளியையும் கையில் எடுத்தார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. டீ குடிக்காமலே நீங்கள் பஸ் ஏறிப் போனீர்கள். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் கத்தினேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கோட்டு விஷயம் நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டையிலிருந்து இத்தனை அச்சுதான் என்று முடிவு செய்துகொள்வோம். கடைசித் தாளை எடுத்ததும் கட்டையின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். அதற்குப் பிறகு அதில் நல்ல அச்சு விழாது. அச்சை வாங்கியவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கடைசி அச்சின் மை காய்வதற்குள் கோட்டை இழுத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார். நானும் அப்படியே பழகினேன். ஓவிய ஆசிரியையாக இருந்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும், நான் வெட்டிய ஒவ்வொரு இலைக்கும் பூவுக்கும் பூச்சிக்கும் கடைசியில் அந்தக் கோடு விழுந்திருக்கிறது. இந்த ஒன்றைத் தவிர.

அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும். இது முதல் நாள் பாடம். எழுத்தைக் கட்டையில் திருப்பி வெட்டினால்தான் தாளில் நேராக விழும். படத்தையும் முதலில் திருப்பி வரைந்துகொண்டு, பிறகு வெட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படியில்லை. இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலையே தொடாமல், பார்த்ததைப் பார்த்தபடி வெட்டுவேன். அதில்தான் கோட்டுக்கு உயிர் வரும் என்பது என் எண்ணம். தாளில் திரும்பி விழுந்தால் என்ன, வேப்பிலைக்கு இடம் ஏது வலம் ஏது? "எழுத்தை மட்டும் திருப்புங்க, இயற்கையைத் திருப்ப வேண்டாம்" என்று மாவட்டம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எச்சரிக்கை ஒன்று வராமல் இல்லை. விராலிமலை முகாமில் ஒரு பெண் முருகனை வெட்டினாள். அச்சில் வேல் இடது கைக்குப் போய்விட்டது. எட்டிப் பார்த்த பூக்காரம்மா, "என்ன தாயி, சாமி நொட்டாங்கைக்காரரா?" என்று கேட்க, முகாமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு, "எழுத்தையும் சாமியையும் மட்டும் திருப்புங்க" என்று விதியைத் திருத்திக்கொண்டேன். திரும்பினால் வேறொன்றாகிவிடும் பொருள் இன்னும் எத்தனை இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வருடம் கோட்டைப்பட்டினத்தில் மீனவப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் அச்சு சொல்லிக்கொடுக்கப் போனேன். செய்யது அண்ணன் அங்கேதான் பழக்கமானார். காளிமுத்து என்பவரோடும் அவர் தம்பியோடும் கூட்டாக ஒரு நாட்டுப் படகு வைத்திருந்தார். வலையில் எது வந்தாலும் மூன்று பங்கு. இவர்களுக்குள் பேச்சே குறைவு, அவ்வளவு நம்பிக்கை. ஒரு நாள் நண்டு வலையில் மாட்டிய சங்கு ஒன்றை நான் வரைவதற்கென்று கொண்டுவந்தார். வாயோரத்தில் புழு அரித்து மூன்று ஓட்டைகள் இருந்தன. புழுச் சங்கை வியாபாரி தொடமாட்டார் என்பதால், கூட்டாளிகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "எடுத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டார்களாம்.

"படம் போட்டுட்டுக் குடுத்துருங்க டீச்சர். சின்ன மக வெளையாடக் கேட்டுச்சு" என்றார். சரி என்றேன்.

சாதாரணச் சங்குதான் அது. சாதாரணச் சங்குக்கு வாய் ஒரு பக்கம் திறந்திருக்கும். எப்போதோ எங்கேயோ ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் திறந்திருக்கும். அதுதான் வலம்புரி. வலையில் ஒரு வலம்புரி விழுந்தால் அந்தப் படகுக்கே விடிவுகாலம் என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கடற்கரைக்காரி இல்லை. ஆவூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவள்.

மாம்பலகையில் வெட்டினேன். வரிவரியாக, சுழி சுழியாக, மூன்று ஓட்டைகளையும் அதனதன் வடிவத்திலேயே வெட்டினேன். ஒன்று நீளம், ஒன்று வளைந்தது, ஒன்று ஊசி நுனி அளவு. அடியில் மரியாதைக்காக, 'செய்யது அண்ணன் வலையில் வந்த சங்கு, கோட்டைப்பட்டினம்' என்று ஒரு வரி சேர்த்தேன். எழுத்தை ஒவ்வொன்றாகக் கவனமாகத் திருப்பி வெட்டினேன். சங்கைத் திருப்பவில்லை.

இருபது அச்சு என்று முடிவு செய்து, பதினேழு எடுத்திருந்தேன். தாளில் எழுத்து நேராக விழுந்தது. சங்கின் வாய் எதிர்ப்பக்கம் போயிருந்தது. நான் பார்த்ததெல்லாம் மையின் கறுப்பு எப்படி விழுந்திருக்கிறது என்பதைத்தான்.

இன்னொரு தப்பும் செய்தேன். சங்கின் உள்சுழியை வெட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. டைல்ஸ் வெட்டுகிறவரிடம் கொடுத்து நெடுக்கில் இரண்டாக அறுத்தேன். அடுத்தவர் பொருள், திருப்பிக் கேட்ட பொருள் என்ற நினைவே இல்லை. வாயும் ஓட்டைகளும் உள்ள பாதியை விராலிமலைப் பள்ளியில் ஓவியம் நடத்தும் செல்வி வகுப்புக்கு வேண்டுமென்று வாங்கிப் போனாள். இன்னொரு பாதி என் மேசையில் தாள் பறக்காமல் இருக்க உதவியது.

பிறகு புதுக்கோட்டையில் கண்காட்சி வைத்தோம். சங்கு அச்சு அழைப்பிதழின் முகப்பில் வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

"டீச்சர், செய்யது பேசுறேன். அந்தச் சங்கு ஒங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்குண்ணே. என்ன விஷயம்?"

"முழுசா இருக்குல்ல?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் சொல்லிக்கொண்டே போனார். அழைப்பிதழை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றிக் கோட்டைப்பட்டினத்துக்கு வந்துவிட்டது. சங்கு வியாபாரிகள் இரண்டு பேர் வெளியூரிலிருந்து காரில் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். காளிமுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி மூன்று ஓட்டைகளையும் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் படகில் கிடந்த புழுச் சங்கு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"எம் பேரப் போட்டு, ஓட்டையப் போட்டு, வலம்புரின்னு போட்டிருக்கீங்களாமே டீச்சர்?"

"வலம்புரின்னு நான் எழுதவே இல்லண்ணே."

"எழுதல. படம் சொல்லுதே."

பதினோரு நாளாக அவரைப் படகில் ஏற்றவில்லையாம். கூட்டாளியை ஏமாற்றி வலம்புரியை ஒளித்தவன் என்று ஊர் பேசுகிறதாம். அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் மீன் ஏலக் கொட்டகையில் பஞ்சாயத்துக்கு உட்காரப் போகிறார்கள். அதற்குள் சங்கைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் படகிலிருந்து அவர் பங்கைப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். "அதுக்கப்புறம் எந்தப் படகுல என்னைய ஏத்துவாங்க, சொல்லுங்க" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"வாரேண்ணே, சங்கோட வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அழைப்பிதழைக் கண்ணாடி முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள் செய்யது அண்ணன் கொடுத்த சங்கு தெரிந்தது. கையில் இருந்தது வேறொரு சங்கு. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடத் தொழிலில் நான் பயந்தது அன்றுதான். கை வெட்டிக்கொண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். அதெல்லாம் இதற்கு உறை போடக் காணாது.

கட்டை, உளி, மை, ரோலர், தாள், ஒரு கரண்டி, மேசையில் இருந்த பாதிச் சங்கு எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு, செல்விக்குப் போன் செய்துவிட்டு விராலிமலைக்குப் பஸ் ஏறினேன். ஒன்பது மணிக்கெல்லாம் செல்வி பஸ் ஸ்டாண்டில் நின்றாள். பள்ளி விடுமுறை. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், பதினொரு மணிக்கு வருவார். கைக்கடிகாரத்தை நான் பார்த்த பார்வையில் அது நின்றுபோகாதது ஆச்சரியம்.

காத்திருக்கும் நேரத்தில் செல்விதான் அந்த யோசனையைச் சொன்னாள். கோயில் தெருவில் பூஜைச் சாமான் கடைகளில் சங்கு விற்கும். "அதே சைஸ்ல ஒண்ணு வாங்கிருவோம் டீச்சர். மூணு ஓட்டை போட்டா யாருக்குத் தெரியப் போகுது? அறுத்த சங்கக் கொண்டுபோனா, ஒளிக்கத்தான் அறுத்தீங்கன்னு சொல்லுவாங்க. முழுசா இருந்தா பேச்சே இருக்காது. உள்ளதத்தானே காட்டுறோம்?"

நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. வாங்கினோம். செல்வியின் வீட்டில் இருந்த துளைபோடும் மெஷினால் மூன்று ஓட்டைகளும் போட்டோம். அழைப்பிதழைப் பார்த்து இடம் குறித்துக் கொடுத்தது நான்தான். வெள்ளைத் தூளை ஊதிவிட்டு, கொஞ்சம் மையை ஓட்டைக்குள் தேய்த்துப் பழசாக்கவும் செய்தேன். கை தானாகச் செய்தது. அத்தனை வருடம் பழகிய கை, பொய்யையும் சுத்தமாகச் செய்தது.

பதினொன்றே காலுக்கு வாட்ச்மேன் வந்தார். அலமாரியில் பாதிச் சங்கு இல்லை. இருக்கிற பெட்டியையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தோம். கடைசியில் பிரஷ் கழுவும் தொட்டிக்கு அடியில், பச்சை மை அப்பிக் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பையில் போட்டேன். இப்போது பையில் இரண்டு சங்குகள். ஒன்று உண்மை, ஆனால் பிளந்தது. மற்றது முழுசு, ஆனால் பொய்.

புதுக்கோட்டையில் பஸ் மாறி, அறந்தாங்கியில் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினேன். எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. நடுவில் இரண்டு சங்குகளையும் மடியில் வைத்துப் பார்த்தேன். புழு அரித்த ஓட்டை கோணல்மாணலாக உள்ளே போய் எங்கேயோ வளைகிறது. மெஷின் போட்ட ஓட்டை வட்டமாக, நேராக, ஒரே ஆழத்துக்குப் போய் நிற்கிறது. என் கண்ணுக்கே இது தெரிகிறது. பிறந்ததிலிருந்து சங்கைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? நான் உண்மையைத் தேர்ந்தெடுத்தது நேர்மையால் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தால். பயமும் சில நேரம் நல்ல வாத்தியார்தான்.

ஏலக் கொட்டகையில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். செய்யது அண்ணன் ஓரமாக, மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றார். பதினோரு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. காளிமுத்து நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். சங்கு எங்க?"

கை பைக்குள் போனது. முதலில் தட்டுப்பட்டது முழுச் சங்குதான். விரல் அதன் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அதை ஒதுக்கிவிட்டு இரண்டு பாதிகளையும் எடுத்தேன். ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றாகச் சேர்த்து அவர் முன்னால் வைத்தேன்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. காளிமுத்துவின் முகம் சிவந்தது. "ரெண்டாப் பொளந்து கொண்டாந்திருக்கீங்க. எங்க வலைல வந்த பொருள அறுக்க ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா அறுத்தேன். அண்ணனுக்குத் தெரியாது. தப்பு என்னோடது."

செய்யது அண்ணன் பிளந்த சங்கைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வாயப் பாருங்க. சாதாரணச் சங்குதான்" என்றேன்.

"இது சாதாரணந்தான். படத்துல இருக்கிறது இது இல்லையே" என்றார் காளிமுத்து.

கட்டையை எடுத்து மீன் எடைபோடும் பலகையில் வைத்தேன். மை டப்பா மூடி திறக்கவில்லை. காளிமுத்துவின் தம்பிதான் வாங்கித் திறந்து கொடுத்தார். ரோலரை ஓட்டினேன். "கட்டைல சங்கு எந்தப் பக்கம் பாத்து இருக்கு, எல்லாரும் பாத்துக்கங்க" என்றேன். தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். சொல்லிக்கொடுக்கிற பழக்கத்தில், "யாராச்சும் ஒருத்தர் தூக்குங்க" என்று வாய் தானாகச் சொன்னது. காளிமுத்துவே வந்து தாளின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

தாளைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். செல்போனை எடுத்து வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தார். தம்பி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அண்ணே, திரும்பிருச்சுண்ணே" என்றார். காளிமுத்து சங்கை எடுத்து, மூன்று ஓட்டைகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். நீள ஓட்டையில் ஈர்க்குச்சியை விட்டு, அது உள்ளே வளைகிறதா என்று பார்த்தார். எனக்குப் பையிலிருந்த மற்றச் சங்கு நினைவுக்கு வந்தது.

"புழுச் சங்குதான். அன்னைக்கு வந்ததுதான்" என்றார். சங்கைக் கீழே வைத்துவிட்டு, "செய்யதண்ணே, நாளைக்கு வெள்ளன வந்துருங்க" என்றார்.

"வாரேன்" என்றார் செய்யது அண்ணன். அவ்வளவுதான் பேச்சு. கூட்டம் கலைந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் கூட வந்தார். நான் அறுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிருந்தா அறுத்துக்கங்கன்னு சொல்லிருப்பேனே" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பதினோரு நாளா நானும் இதையேதான் சொன்னேன் டீச்சர். அது சாதா சங்குதான்னு. பத்து வருசமா ஒரே படகுல போறவன் சொல்லி நம்பல. மரக்கட்டை சொன்னதும் நம்பிட்டாங்க" என்றார்.

ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதைப்பில், அவர் மகளுக்காவது ஆகட்டும் என்று அந்த முழுச் சங்கை எடுத்து நீட்டினேன். வாங்கினார். திருப்பினார். ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். முகம் மாறியது.

"நல்லவேளை, இத எடுக்கல. எடுத்திருந்தா நான் நெசமாவே திருடனாயிருப்பேன்" என்று என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாப் திண்டில் உட்கார்ந்து கட்டையையும் உளியையும் வெளியே எடுத்தேன். "இனிமே இதுல ஒரு அச்சும் எடுக்க மாட்டேண்ணே. ஒங்க கண்ணு முன்னாலேயே கீறிடுறேன்" என்றேன். உளியை வைத்து அழுத்தப் போனபோது, என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு முறைதான்.

"கீறிப்புடாதீங்க டீச்சர். அச்செல்லாம் திரும்பிப்போயி வீடு வீடாத் தொங்குது. நாளைக்கும் எவனாச்சும் அதப் பாத்துக் கேப்பான். நேரா இருக்கிறது இது ஒண்ணுதான். பத்திரமா வைங்க."

அவர் மறுநாள் கடலுக்குப் போனார். இன்றும் அதே படகில்தான் போகிறார். ஆனால் வலையில் ஒரு கிளிஞ்சல் வந்தாலும் அதை உயரத் தூக்கி, இரு பக்கமும் திருப்பி, கூட்டாளிகள் இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் கீழே வைக்கிறாராம். காளிமுத்துவின் தம்பி போனில் சொன்னார். "வேணாம்ணே, வேணாம்ணேன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறார் டீச்சர்" என்று அவரும் வருத்தப்பட்டார். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது நான்.

வெளியே போன அச்சுகளில் ஒன்பதைக் கேட்டு வாங்கிவிட்டேன். மற்றவை யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்: பொருளைத் தந்தவரிடம் அச்சைக் காட்டிவிட்டுப் பிறகு ஊருக்குக் காட்டுங்கள், இரவல் வாங்கியதை அறுக்காதீர்கள், திரும்பினால் என்ன என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

எனக்கு இப்போது இருக்கும் கவலை வேறு. எனக்குப் பிறகு அந்த அலமாரி உங்களிடம்தான் வரும். நீங்கள் எல்லோரும் சுத்தமாக வேலை செய்கிறவர்கள், நான் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். கோடு விட்டுப்போன கட்டை ஒன்றைப் பார்த்தால் உங்கள் கை சும்மா இருக்காது. அன்றைக்கு அந்த உளி பலகையைத் தொட இன்னும் ஒரு நூல்தான் பாக்கி இருந்தது. அதனால்தான் கத்தினேன். அந்தக் கட்டை என்னுடையது இல்லை. செய்யது அண்ணனுடையது.